பூச்சிச்சட்டை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவப் போன கஸ்பார் திரும்பி வரவில்லை. கைகழுவும் தொட்டி வீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அங்கே செம்பு மட்டும் கவிழ்ந்து கிடந்தது. ரெஜினாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பூச்சிச்சட்டையைக் காணோம்.

தையல் மிஷினில் பாதியில் நின்ற ரவிக்கையை மடித்து வைத்துவிட்டுக் கடற்கரைக்கு நடந்தாள்.

சங்குத்தேரிக் கடற்கரை வெறிச்சென்று கிடந்தது. அதாவது, விவரம் தெரியாதவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அலை வந்து தொட்டுவிட்டுப் போகும் ஈரமணலில் கறுப்பு ரப்பர் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம், தலையில் ஒரு சின்ன மூடி. அலை ஏறும்போது மூடி பட்டென்று அடைத்துக்கொள்ளும், வடியும்போது திறக்கும். ஒவ்வொரு குழாய்க்கு அடியிலும் சங்குத்தேரியின் ஆண்மகன் ஒருவன் மணலுக்குள் குந்தியிருந்தான்.

ரெஜினாள் குழாய் குழாயாகக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனாள். ஒன்றில் ஜெபமாலை முணுமுணுப்பு. அது கோயில் மணியடிக்கும் இஞ்ஞாசி. இன்னொன்றில் பழைய பாட்டு ஒன்று விசிலாக வந்தது. மூன்றாவது குழாயில் குறட்டை. கல்யாணமான நாள்முதல் அவள் தூக்கத்தைக் கெடுத்துவரும் குறட்டை அது. எந்தக் கூட்டத்திலும் அடையாளம் சொல்லுவாள்.

குழாயில் வாயை வைத்தாள்.

“ஏங்க, தண்ணி டேங்கு நெறஞ்சி வழியுது.”

குறட்டை நின்றது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் குரல் வந்தது. “செவுத்துல செவப்பு பொத்தான் இருக்கு பாரு. அமுக்கு.”

“அத நீங்க வந்து அமுக்குங்க.”

“நான் பயிற்சியில இருக்கேன்.”

ரெஜினாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்தில் வலைமேல் காய்ந்துகொண்டிருந்த சாளைக் கருவாட்டில் நன்றாக மணக்கும் ஒன்றாகப் பார்த்து எடுத்து, குழாயின் வாயில் செருகினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மணல் நடுங்கியது. கொதிக்கும் கூழ்போல் குமிழியிட்டது. அதற்குள்ளிருந்து முதலில் தலையும் பிறகு தோளும் வெளியே வந்தன. கண்களில் நீர் வழிய கஸ்பார் எழுந்து நின்றான்.

“கொலகாரி,” என்றான்.

“வாங்க, டேங்கு வழியுது,” என்றாள்.

பூச்சிச்சட்டை ஊருக்குள் வந்த கதையைச் சொல்லவேண்டும். அது வருவதற்கு முந்தைய வருஷம் சங்குத்தேரியில் கடல் பொங்கி ஊருக்குள் ஏறியது. உள்ளே வந்த தண்ணீர் யாரையும் கொல்லவில்லை; திரும்பிப் போன தண்ணீர்தான் ஆட்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தத் துக்கம் ஆறுவதற்குள் கடற்காவல் என்று பெயர்போட்ட நிறுவனம் ஒன்று வந்து இறங்கியது. மேலாளர் தீனதயாளன் வெள்ளைச் சட்டை கசங்காமல் பேசுபவர். அவரோடு வந்தவள் நிறைமதி, ஈரோட்டுப் பக்கத்துப் பெண், சட்டையை வடிவமைத்த பொறியாளர். கடலைப் பார்த்து வளராதவள். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் கூடவந்த தோழி, முழங்கால் தண்ணீரில் கைகோத்து நின்றவள், வடியும் அலையோடு போய்விட்டாள். அந்தக் கை நழுவியதை நிறைமதி ஒருவரிடமும் பேசுவதில்லை. ரெஜினாளிடம் மட்டும், ரவிக்கைக்கு அளவு கொடுத்த அன்று, ஒருமுறை சொன்னாள்.

ஊர்க் கூட்டத்தில் அவள் பேச்சை நீட்டவில்லை. ஈரமணலில் கையை விட்டு ஓர் எலிப்பூச்சியைப் பிடித்தாள். கட்டைவிரல் அளவு, முட்டை வடிவம், சாம்பல் நிறம். தூண்டிலுக்கு இரையாகக் கோக்கிற பூச்சி என்றுதான் ஊருக்கு அதைத் தெரியும்.

“இது பூச்சி இல்லீங்க, நண்டு சாதி. எப்படிப் போகுதுன்னு பாருங்க,” என்று விட்டாள். கண்ணிமைப்பதற்குள் அது காணாமல் போனது.

“பின்னாடியாத்தானுங்க போகும். முகம் கடலப் பாத்து இருக்கும். வாலை வேகமா அடிக்கும். அடிக்க அடிக்க ஈரமணல் இட்லி மாவாட்டம் எளகிரும். காலால மணலத் தள்ளிட்டே எறங்கிரும். எறங்குனதும் வாலை நிறுத்திரும். நிறுத்துனா மணல் திரும்பக் கெட்டியாயிருங்க. அப்புறம் எந்த அலையும் அதை அசைக்க முடியாது. கண்ணும் மீசையும் மட்டும் மேல நீட்டிட்டு இருக்கும். அலை வடியுறப்ப மீசைய விரிச்சு இரை புடிச்சுக்கும்.”

“அப்ப அந்தச் சட்டைல வாலு இருக்குமா?” என்று கேட்டான் கஸ்பார்.

“இருக்குதுங்கண்ணா. இடுப்புல ரெண்டு, குதிகால்ல ரெண்டு. மூச்சு விட எடம் வேணுமில்லீங்க, அதுக்கு நெஞ்சுக்கு மேல கெட்டி ஓடு. மணிக்கட்டுப் பொத்தான அமுக்கிட்டுக் குந்துனாப் போதும். பெரிய அலை போற வரைக்கும் உள்ள இருந்துட்டு வெளிய வந்துரலாம்.”

சட்டைகள் இலவசம். ஆண்கள் அளவில் மட்டும்தான் வந்திருந்தன. பெண்களுக்கு அடுத்த வருஷம் என்றார் தீனதயாளன். பெண்கள் மணலுக்குள் போவது பார்க்க நன்றாக இருக்காது என்று அவர் தனியாகச் சொன்னதாகவும் கேள்வி. நிறைய பயிற்சி எடுங்கள், தினம் ஒரே இடத்தில் இறங்காமல் கரை முழுக்க மாறி மாறி இறங்குங்கள் என்பது மட்டும்தான் நிறுவனத்தின் வேண்டுகோள்.

அப்படி இறங்கிப் பார்த்த சங்குத்தேரி ஆண்கள் உள்ளே ஒரு சொர்க்கத்தைக் கண்டுபிடித்தார்கள். வெயில் இல்லை. போன் அடிக்காது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலிருந்து யாரும் கூப்பிடமுடியாது. நாலு பக்கமும் மணல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் சுகத்தில் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. மாசம் போகப்போகப் பெண்கள்தான் வலை இழுத்தார்கள், மீன் ஏலம் போட்டார்கள், மோட்டார் நிறுத்தினார்கள்.

“எலிப்பூச்சி இரை தேடி உள்ள போவுது,” என்றாள் ரெஜினாள். “எங்க வீட்டுப் பூச்சி இரை தின்னுட்டுல்லா உள்ள போவுது.”

கருவாடு செருகியதில் ஒரு விளைவு உண்டானது. அவசரமாக எழுந்தபோது கஸ்பாரின் சட்டை குதிகால் பக்கம் கிழிந்துவிட்டது. தைத்துக் கொடு என்று கொண்டுவந்து போட்டான். ரெஜினாள் உள்துணியைப் பிரித்தாள். வெறும் துணி இருக்கவேண்டிய இடத்தில் வெற்றிலைப் பை அளவில் ஒரு பை தைக்கப்பட்டிருந்தது. வெளியே ஒரு சின்ன வாய். மணல் உள்ளே வரலாம், திரும்பிப் போகமுடியாது. பையின் அடியில் நகக்கண் அளவில் ஒரு சில்லு. பையைக் கவிழ்த்தாள். மேசையில் கறுப்பு மணல் கொட்டியது. வெயிலில் மினுமினுத்தது.

 அந்த மினுமினுப்பை அவளுக்குத் தெரியும். அவள் அக்கா வாக்கப்பட்ட புளியந்துறையில் விலையுள்ள தாது கலந்த அந்தக் கறுப்பு மணலுக்காகத்தான் கரையைத் தோண்டினார்கள். தோண்டத் தோண்டக் கரை தாழ்ந்தது, கடல் ஏறியது. முன்வரிசை வீடுகள் போயின. வள்ளத்தை ஏற்றி வைக்க மணல் இல்லாமல் மிச்சப்பேர் ஊரைவிட்டே போனார்கள். அக்கா இப்போது ஏதோ நகரத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறாள். போனில் பேசும்போதெல்லாம் ஜன்னலைத் திறந்தால் என்ன தெரிகிறது என்று சொல்லமாட்டாள்.

ரெஜினாள் பையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு நிறைமதியிடம் போனாள்.

நிறைமதி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.  “இது நான் வெச்சதில்லீங்க்கா.”

“சட்டை நீ செஞ்சதுதான?”

“வாலும் ஓடும் நான் செஞ்சது. தைக்கிறது அவங்க ஆலையிலீங்க. இத அங்க வெச்சிருக்காங்க.” சில்லை நகத்தால் தட்டினாள். “வால் அடிக்கிறப்ப மணல் எளகுதில்லீங்க? அரிசி களையுறப்ப கல்லு அடியில தங்குற மாதிரி, கனமான கறுப்பு மணல் அடியில எறங்கிரும். குதிகால்தான அடியில போகுது. அங்க பைய வெச்சா கறுப்பு மணல் தன்னால வந்து விழும். எந்த எடத்துல எவ்வளவு கறுப்புன்னு இந்தச் சில்லு ஆபீசுக்குச் சொல்லிரும்.”

“அப்ப எங்க வீட்டு ஆம்பளையளு பயிற்சி எடுக்கல. கரை பூரா மண்ணு தோண்டிப் பாத்துக் குடுத்துருக்காவ. அதுவும் தூங்கிக்கிட்டே.”

நிறைமதி சில்லைக் கீழே வைத்தாள். கண் கலங்கியிருந்தது. தோழியின் கை நழுவிய நாளிலிருந்து அவள் ஓடிவந்த ஓட்டமெல்லாம் இந்தப் பைக்காகத்தானா என்று நினைத்தாளோ என்னவோ.

“அழுது என்ன செய்ய,” என்றாள் ரெஜினாள். “சட்டையெல்லாம் திருப்பிக் குடுத்துட்டா?”

“துளை போடுற மிஷின் கொண்டு வருவாங்க. இங்க இருக்குதுன்னு பாதி தெரிஞ்சிருச்சுங்க்கா. இனி விடமாட்டாங்க.”

“இங்க இல்ல, வேற எடத்துலதான் இருக்குன்னு தெரிஞ்சா?”

நிறைமதி நிமிர்ந்து பார்த்தாள்.

மறுநாள் மத்தியானம் பெண்கள் கடற்கரையில் கூடினார்கள். ஊருக்குள் பேசினால் எந்தத் திண்ணையிலாவது ஒரு ஆண்காது இருக்கும். கரையில் அந்தத் தொந்தரவு இல்லை. ஆண்கள் எல்லோரும் மணலுக்குள் இருந்தார்கள். ரெஜினாள் நடந்ததைச் சொன்னாள்.  ஏலக்காரி லூர்தம்மாள்தான் முதலில் பேசினாள்.

“ஆம்பளையள்ட்ட சொல்லிருவமா?”

“எதுக்கு? சாயங்காலத்துக்குள்ள டீக்கடை வரைக்கும் போயிரும். எங்க வீட்டுக்காரர் வயித்துல சோறு நிக்கும், ரகசியம் நிக்காது,” என்றாள் ரெஜினாள்.

எல்லோரும் தங்கள் தங்கள் வீட்டுக்காரரைப் பற்றி ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்தப் பேச்சு வந்த விஷயத்தை விட்டு வெகுதூரம் போய்விட்டது. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு ரெஜினாள் திட்டத்தைச் சொன்னாள்.

ஊருக்குத் தெற்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் நிறுவனத்தின் விருந்தினர் மாளிகை இருந்தது. தீனதயாளன் பார்த்துப் பார்த்துக் கட்டியது. நீச்சல்குளம், லாரியில் கொண்டுவந்து நட்ட தென்னைகள், படுத்துக்கொள்ளும் நாற்காலிகள். அங்கே ஊர்க்காரர்கள் காலை வைக்கக்கூடாது. சட்டைகளின் பையில் இங்கே வெள்ளைமணலை அடைத்து வாயைத் தைத்துவிடுவது. அப்புறம் அதே பையில், முன்பு சேர்ந்திருந்த கறுப்பு மணலை அடைத்துத் தைத்து, ஆண்களை முனைக்கு அனுப்புவது. சில்லு எங்கே போகிறதோ அந்த இடத்தின் கணக்கைச் சொல்லும்.

நிறைமதி தயங்கினாள். “இதுவரைக்கும் ஒரு எண்ணக்கூட நான் மாத்தி எழுதுனதில்லீங்க்கா.”

“நீ எதுக்கு எழுதணும். நான் தைக்கேன், நீ அந்தப் பக்கமா திரும்பிக்கிடு.”

“கேட்டாங்கன்னா பொய் சொல்லோணுமே.”

“சட்டைக்குள்ள பையி இருக்குன்னு அவிய நம்மட்ட சொன்னாவளா?”

 நிறைமதி காலுக்கடியில் மணலைக் கிளறி ஓர் எலிப்பூச்சியை எடுத்து, உள்ளங்கையில் அது வாலடிப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “வாயை ரொம்ப நெருக்கமாத் தைங்க. ஒரு மணல்கூட உள்ள போகக்கூடாது.”

கழுத்துப்பட்டை பிரிகிறது, தைத்துத் தருகிறேன் என்று சொல்லி ரெஜினாள் சட்டைகளை முறைவைத்து வாங்கினாள். நகக்கண் வலிக்க வலிக்கத் தைத்தாள். ஒரு மாசத்தில் சங்குத்தேரிக் கரை நிறுவனத்தின் கணக்கில் பால்போல் வெளுத்துப்போனது. அடுத்து, கறுப்பு மணலை அடைத்துத் தைத்தாள். ஒருநாள் குழம்பு ஊற்றும்போது சும்மா சொல்வதுபோல் சொன்னாள்.

“முனைப் பக்கம் மணல் ஐஸ் மாதிரி இருக்காம். அங்கன தூங்குனா இந்தத் தூக்கமெல்லாம் தூக்கமே இல்லன்னு லூர்தம்மா வீட்டுக்காரர் சொன்னாராம்.”

“அப்படியா,” என்றான் கஸ்பார், தட்டைப் பார்த்துக்கொண்டே.

மறுநாளே ஆண்கள் முனைக்குப் போய்விட்டார்கள். காவலாளி தடுத்தான். நிறுவனச் சின்னம் போட்ட சட்டை, நிறுவனம் சொன்ன பயிற்சி, கரையில் எடுக்காமல் வேறெங்கே எடுப்பது என்று இஞ்ஞாசி நியாயம் கேட்டான். காவலாளி விட்டுவிட்டான்.

அன்று மாளிகையின் கரையில் தீனதயாளனின் மாமியார் கனகவல்லி அம்மாள் சாய்வு நாற்காலியில் வாரப்பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். நாற்காலி மெதுவாக ஒரு பக்கம் சரிந்தது. மணல் குமிழியிட்டது. பக்கத்தில் ஒரு தலை முளைத்து, மீசையிலிருந்த மணலைத் துடைத்துக்கொண்டது.

“மன்னிச்சிக்கிடுங்கம்மா,” என்றான் கஸ்பார். “எடம் தெரியாம வந்துட்டேன்.”

அந்த அம்மாள் பத்திரிகையை மடித்தார். கத்தவில்லை. “உள்ளே எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“குளுகுளுன்னு இருக்கும்மா. யார் பேச்சும் கேக்காது.”

“என் மாப்பிள்ளை பேச்சுகூடவா?”

“அவர் பேச்சுதான் மொதல்ல கேக்காம போவும்.”

கனகவல்லி அம்மாள் அவனுக்குக் காபி வரவழைத்துக் கொடுத்தார். மருமகனைக் கூப்பிட்டு, பாவம் இந்த மனுஷர்கள், இங்கேயே தினமும் பயிற்சி எடுக்கட்டும், எனக்கும் ஒரு சட்டைக்குச் சொல்லிவிடு என்று உத்தரவு போட்டார். வேறு யாரையும் எதிர்த்துப் பேசுகிற தீனதயாளன் மாமியாரை மட்டும் எதிர்த்துப் பேசமாட்டார்.

மழைக்காலத்துக்கு முன்னால் அவர் நிறைமதியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திரையில் கரையின் படம் இருந்தது. சங்குத்தேரி வெள்ளை. அதற்குத் தெற்கே, மாளிகை இருக்கும் இடத்தில் மட்டும் மைக்கூட்டைக் கவிழ்த்ததுபோல் ஒரு கறுப்பு.

“பயிற்சி எப்படிப் போகுதுன்னு பார்க்க வெச்ச கருவியில இதுவும் தெரியுது,” என்றார் அவர், தொண்டையைச் செருமிக்கொண்டு. “இது சரியா இருக்குமா?”

“அப்படி ஒரு கருவி வெச்சிருக்கறதே எனக்குத் தெரியாதுங்களே சார்,” என்றாள் நிறைமதி. “நான் என்னன்னு சொல்லட்டும்?”

அவரால் அதற்குமேல் கேட்கமுடியாமல் போனது. மாளிகையைக் காப்பாற்றத் தன்னால் ஆனதெல்லாம் செய்தார். தலைமையகத்துக்கு எழுதினார், போனில் கெஞ்சினார். இந்தக் கருவி தவறே செய்யாது என்று வருஷம் முழுக்க எழுதியவர் நீங்கள்தானே என்று அங்கிருந்து பதில் வந்தது. இயந்திரங்கள் வந்தன. நீச்சல்குளம் போனது, தென்னைகள் போயின, மாளிகையும் போனது. பெயர்ப்பலகையை மட்டும் தீனதயாளன் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பள்ளம் ஆழமாகிக்கொண்டே போனது. அள்ளிக் கழுவிப் பார்த்ததில் வந்ததெல்லாம் வெறும் வெள்ளைமணல். சங்குத்தேரிப் பெண்கள் வேலி ஓரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். லூர்தம்மாள் பாவமாக இருக்கிறது என்றாள். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். சிரிப்பை அடக்கிக்கொள்ள முந்தானைதான் உதவியது.

சிரிப்பெல்லாம் நிறைமதி பெட்டி கட்டுகிற அன்றுவரைக்கும்தான்.

நிறுவனம் கடையைக் கட்டிவிட்டது. சட்டை ஒரு பித்தலாட்டம், அதைச் செய்தவளும் அப்படித்தான் என்று நாலு இடத்தில் சொல்லியும் விட்டது. தீனதயாளனை எங்கேயோ மாற்றினார்கள். நிறைமதியை வீட்டுக்கு அனுப்பினார்கள். ரெஜினாள் தைத்து முடித்த ரவிக்கையைக் கொடுக்கப் போனபோது அவள் தரையில் உட்கார்ந்து புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“வேற கம்பெனி கெடைக்காதா தாயி?”

“ரெண்டு எடத்துல கேட்டேனுங்க. அந்த மணல் சட்டைப் பொண்ணான்னு கேட்டுட்டு வெச்சுட்டாங்க.” அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் ரெஜினாளைக் குடைந்தது. “பரவால்லீங்க்கா. உங்க கரை இருக்குது. ஒரு உசுரு, ஒரே ஒரு உசுரு இதால பொழைச்சிருந்தா நல்லாருந்திருக்கும். இனி நானே சொன்னாலும் யாரும் நம்பமாட்டாங்க.”

 ஊரின் கரையை ரெஜினாள் தைத்துக் காப்பாற்றினாள். அதே ஊசியால் இந்தப் பெண்ணின் பேரைக் கிழித்துவிட்டாள். “இரு, அண்ணன்ட்ட சொல்லிட்டுப் போ. கூட்டிட்டு வாரேன்,” என்று எழுந்தாள். நிறைமதியும் பின்னால் வந்தாள்.

வெயில் சுள்ளென்று அடித்தது. காற்று இல்லை, மேகம் இல்லை. நிறுவனம் போனபிறகும் ஆண்கள் சட்டையை விடவில்லை. குழாய்கள் பழையபடி நின்றன. ரெஜினாள் மேட்டிலிருந்து இறங்கிப் பாதி தூரம் போனபோதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. கடலைக் காணோம். வழக்கமாக அலை உடையும் இடத்துக்கும் அப்பால் வெறும் சேறு தெரிந்தது. நங்கூரம் போட்ட வள்ளங்கள் ஒருக்களித்துத் தரையில் கிடந்தன.

“மேல ஏறு,” என்று நிறைமதியைப் பார்த்துக் கத்திவிட்டு, அவள் கீழே ஓடினாள். மணலுக்குள் தூங்குகிறவனுக்கு யார் சொல்வது? கண்ணில் பட்ட குழாயில் குனிந்து “கடலு வருது, வெளிய வராண்டாம், அங்கனயே இருங்க,” என்று சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் வந்துவிட்டது.

சத்தம்கூடப் பெரிதாக இல்லை. இடுப்புவரைக்கும், அப்புறம் கழுத்துவரைக்கும் ஏறித் தூக்கிப்போட்டது. அவள் நீந்தத் தெரிந்தவள். ஏறும் தண்ணீரோடு போய்விட்டாள். பிறகு தண்ணீர் ஒரு நொடி நின்றது, நின்று, திரும்பியது. மொத்தக் கடலும் ஒரே இழுப்பாக இழுத்தது. கால் தரையில் பட்டது, பட்ட இடத்தில் மணல் வழுக்கி ஓடியது. மேட்டில் நின்ற நிறைமதி கையை நீட்டிக்கொண்டு அலறுவது தெரிந்தது, கேட்கவில்லை. அவ்வளவுதான் என்று ரெஜினாள் நினைத்தாள்.

அப்போது மணலுக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவள் கணுக்காலைப் பிடித்தது.

இரும்பு வளையம் மாட்டியதுபோன்ற பிடி. கடல் அவளைப் படுக்கப்போட்டு இழுத்தது. பாவாடை கிழிந்தது, செருப்பு போனது, தலைமயிர் நீளமாகக் கடலை நோக்கிப் பறந்தது. கை விடவில்லை. தண்ணீர் வடிந்து முடிந்தபோது அவள் சேற்றில் குப்புறக் கிடந்தாள். ஒரு கால் மட்டும் பத்திரமாகப் பிடிபட்டிருந்தது. மணல் குமிழியிட்டது. கஸ்பார் எழுந்தான். அப்போதும் காலை விடவில்லை.

அந்தத் தண்ணீரில் கரையிலிருந்த ஒருவரும் போகவில்லை. ஒவ்வொருவராக எல்லா ஆண்களும் முளைத்தார்கள். நிறைமதி ஓடிவந்து ரெஜினாளின் கணுக்காலில் பதிந்திருந்த விரல் தடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதாள். பிறகு அழுதுகொண்டே சிரித்தாள்.

ரெஜினாள் மூச்சு வாங்கி உட்கார்ந்ததும் முதலில் கேட்டது ஒரு கேள்விதான்.

“நான் அங்கன வந்தது ஒங்களுக்கு எப்படித் தெரியும்? தண்ணி சத்தத்துல நான் கத்துனது கேட்டிருக்காதே.”

“ஒன் நடை கேட்டுச்சிட்டி. எடது கால இழுத்து வச்சித்தான நீ நடப்ப. தண்ணிக்குள்ள நீ கால ஊனுன எடம்கூடத் தெரிஞ்சிது.”

“மணலுக்குள்ள கேக்குமா?” என்றாள் நிறைமதி. “அத நான் சோதிச்சே பாக்கலீங்களே.”

“மேல உள்ளதெல்லாம் கேக்கும் தாயி. ஈரமணலு அப்படியே கொண்டாந்து காதுல ஊத்தும். அந்த மேனேஜர் மாமியாட்டச் சும்மா மாத்திச் சொன்னேன்.”

ரெஜினாள் அவனையே பார்த்தாள். சுற்றி நின்ற ஆண்கள் ஏதோ காரணமாகக் கடலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். லூர்தம்மாளும் மற்றப் பெண்களும் அதற்குள் மேட்டிலிருந்து இறங்கி வந்திருந்தார்கள்.

“அப்ப, அன்னைக்கு நாங்க இங்கன உக்காந்து பேசுனது?”

“கேட்டோம்.”

“முனையில மணலு ஐஸ் மாதிரின்னு நான் சொன்னப்ப?”

“அங்கன வெறும் சுடுமணலுட்டி. இஞ்ஞாசிக்கு முதுகெல்லாம் கொப்புளம். என்ன செய்ய, பொம்பளையளு கஷ்டப்பட்டு ஏமாத்துதாவ, தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடக்கூடாதுன்னு பேசி வச்சிக்கிட்டோம்.” சற்று நிறுத்திச் சொன்னான்: “டீக்கடையில ஒருத்தரும் வாயத் தொறக்கல.”

 லூர்தம்மாள் மெதுவாக, அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள விருப்பமில்லாதவள்போல் கேட்டாள்.

“அதுக்கு முந்தி, மாசக்கணக்கா நாங்க இங்கன பேசுனதெல்லாம்?”

 இஞ்ஞாசி ஜெபமாலையை எடுத்துக்கொண்டான். லூர்தம்மாளின் வீட்டுக்காரர் மணிக்கட்டுப் பொத்தானை அமுக்கிக் குந்தினார். கண்ணிமைப்பதற்குள் காணாமல் போனார்.

நிறைமதி அன்று பஸ் ஏறவில்லை. ரெஜினாளின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் மேசை ஒன்று போட்டுக்கொண்டு, பெண்கள் அளவில் சட்டை வெட்ட ஆரம்பித்தாள். பை கிடையாது. வெளியூரில் அவளை இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. சங்குத்தேரியில் அவள் சொன்னால் குழந்தைகூட மணலில் குந்தும். பெண்களும் சட்டை போட்டு இறங்கப் பழகிக்கொண்டார்கள்.

ஆனால் பேசவேண்டிய பேச்சு ஏதாவது இருந்தால் ரேஷன் கடை முற்றத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே தரை சிமெண்டு.